செங்காவின் டெலிபோன் குரல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. கால்களை இந்தக் கம்பளிக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கடல் காற்றுக்குக் கதவிடுக்கு போதும். ஒரு கதை சொல்கிறேன். சிரிப்பு வரும், சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்த பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போனால், அதற்கும் நானே பொறுப்பு.

வடக்கே குளிர்கடலோரத்தில் போர்ட்கோரி என்ற மீன்பிடி ஊரில் ஒரு வாரியம் இருந்தது. 'நாட்டு மக்களையும் நாட்டுப் பொருள்களையும் முறையாக விவரிக்கும் வாரியம்' என்று அதற்குப் பெயர். பெயர்ப் பலகை நீளமாகிப் போனதால் நகராட்சி மண்டபத்தில் ஒரு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துத்தான் அதை மாட்டினார்கள்.

வாரியம் வந்த விதம் இது. கடல் கடந்து வந்த ஒரு விருந்தாளி, நகராட்சி விருந்தில் கோப்பையைத் தூக்கி, "இந்த ஸ்காட்ச் மக்கள் வாழ்க" என்றார். கடற்கரைச் சனம் கோப்பையைத் தூக்கிக் குடித்துவிட்டது. அவர்கள் வீடுகளில் அப்பனும் பாட்டனும் தங்களை ஸ்காட்ச் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆனால் மேல்மேசையில் இருந்த லோரிமர் பிட்கெய்ர்ன் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். படித்தவர்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டு எவ்வளவோ காலம் ஆகிறதாம். விருந்தாளி நம்மையும் சாராயத்தையும் ஒரே சொல்லால் அழைத்துவிட்டாராம். அன்றிரவு அவர் தூங்கவில்லை. அடுத்த மாதமே வாரியம் பிறந்தது. அவரே தலைவர்.

வாரியத்தின் விதிகள் மண்டபச் சுவரில் தொங்கின. மனிதர் என்றால் ஸ்காட்ஸ். பொருள், பழக்கம், வானிலை என்றால் ஸ்காட்டிஷ். ஸ்காட்ச் என்ற சொல் தொண்டைக்குள் இறங்குபவற்றுக்கு மட்டும்: விஸ்கி, பார்லி சூப், ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம், கறி பொதிந்த முட்டை. இது மூன்றாம் விதி. அதை மீறினால் சிவப்புப் பென்சில்.

முதல் வழக்கு ஹெக்டர் மில்னின் நாய். ஹெக்டர் கறிக்கடைக்காரர். நாயின் கழுத்துப் பட்டையில் ஸ்காட்ச் என்று பொறித்திருந்தது. வாரியத்தார் ஏழு பேரும் கடை வாசலில் நின்று நாயை மூன்று பக்கமும் பார்த்தார்கள். நான்காவது பக்கத்தை அது காட்டவில்லை. தலைவர் கேட்டார்: "இதனை எவரேனும் உண்டது உண்டா?"

"ஐயா, நான் கறிக்கடை வெச்சிருக்கேன். இந்தக் கேள்வியை என் வாசல்ல நின்னு இவ்வளவு சத்தமா கேக்காதீங்க" என்றார் ஹெக்டர். உள்ளே நின்றிருந்த இரண்டு பெண்கள் வாங்கின பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள்.

அடுத்து மூடுபனி. கடலிலிருந்து ஏறி வந்து ஊரையே விழுங்கும் பனி. ஸ்காட்ச் பனி என்றே எல்லோரும் சொல்வார்கள். அது வானிலையா, தொண்டைக்குள் இறங்குவதா? ஆராயாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது அல்லவா? ஏழு பேரும் கறுப்புக் கோட்டோடு துறைமுகச் சுவரில் வரிசையாக நின்று, வாயைத் திறந்துகொண்டு அரை மணி நேரம் காத்திருந்தார்கள். மீன் கூடையோடு போன ஒருத்தி நின்று பார்த்தாள். "என்னய்யா, பல் டாக்டர் படகுல வர்றாரா?" என்றாள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. பனிக்கும் தீர்ப்பு வந்தது: வாயைத் திறந்து நடப்பவருக்கு அது ஸ்காட்ச், மூடி நடப்பவருக்கு ஸ்காட்டிஷ். சளி பிடித்த இரண்டு உறுப்பினர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

இப்போது செங்காவிடம் வருவோம். செங்கா மேர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஐம்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா ஆண்ட்ராவோடு மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். நல்லவள்தான். ஒரே ஒரு பழக்கம், அதுவும் அந்த ஊரில் பாதிப் பேருக்கு இருந்ததுதான்: டெலிபோன் மணி அடித்தால் அவளுக்கு வேறு குரல் வந்துவிடும். வீட்டில், "அப்பா, வாயைத் துடை, மூஞ்சியெல்லாம் சூப்பு" என்று கத்திக்கொண்டிருப்பவள், டெலிபோனை எடுத்ததும், "வணக்கம், மேர் இல்லம். தாங்கள் யார் பேசுவது?" என்பாள். ஆண்ட்ரா நாற்காலியில் இருந்து, "செங்கா, ராணியம்மா வந்துட்டாங்க போல, பேசிட்டுப் போகச் சொல்லு" என்பார். டாக்டரிடமும் தலைமையாசிரியரிடமும் அந்தக் குரல்தான். அப்பாவிடம் மட்டும் அது ஒருநாளும் வந்ததில்லை.

ஆண்ட்ராவுக்கு எண்பத்து நான்கு. ஐம்பது வருஷம் ஹெர்ரிங் மீன் பிடித்தவர். அந்தக் குளிர்காலத்தில் படியில் வழுக்கி விழுந்து, இரண்டாம் மாடித் திருப்பத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தார். நிலக்கரிக்காரன் வந்துதான் தூக்கினான். செங்கா வேலையிலிருந்து வந்து பார்த்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது. "இன்னொரு தடவை விழுந்தா அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

வயதான மீனவர்களுக்கான இல்லத்தில் ஒரு அறை காலியாயிற்று. தரைத்தளம், துறைமுகம் பார்த்த ஜன்னல், இரவும் பகலும் கணப்பு. அது கிடைத்துவிட்டால் அப்பா இனிப் படி ஏற வேண்டாம். அறை கேட்கும் மனுவின் கடைசி வரியில் ஒரு நிபந்தனை: மனுதாரர் வாரியத்தின் முன் தம்மைத் தாமே முறையான சொல்லால் விவரித்துச் சான்று பெற வேண்டும்.

அன்று கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள் செங்கா.

"அப்பா, ஒரே ஒரு சொல்லு. 'நான் ஸ்காட்ஸ்.' எங்க, சொல்லு பாப்போம்."

"நான் ஸ்காட்ச்."

"அப்பா!"

"என்ன அப்பா? என்னைப் பெத்துப் போட்டதும் எங்கம்மா மருத்துவச்சியை ஆம்பளையா பொம்பளையான்னுதான் கேட்டாளாம். இதையெல்லாம் கேக்கல."

"மாத்திச் சொன்னா என்ன, வாய் தேஞ்சா போயிடும்?"

ஆண்ட்ரா வலது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "ஏழு வயசுல, நம்ம வீட்டுப் பேச்சு பேசினேன்னு வாத்தியார் தோல்வாரால இதுல ஆறு போட்டான். நம்ம பேச்சு கேவலமாம். இப்போ நம்ம பேரு பெருமையாம், அதுக்கும் அடியாம். கை மட்டும் ஒரே கைதான், புள்ள."

"அது வேற, இது வேற அப்பா."

"சொல்லக் கூடாத சொல்லு எதுன்னு எனக்கா தெரியாது?" என்றார் அவர். அது உண்மை. அந்தக் கரையில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் சில சொற்களை வாயால் சொல்ல மாட்டார்கள். பாதிரியார் என்று சொல்ல மாட்டார்கள். சால்மன் மீன் என்று சொல்ல மாட்டார்கள். சேற்றில் புரளும் அந்த நாலுகால் பிராணியின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள், 'சேத்துக்காரன்' என்பார்கள். யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், கேட்டவர்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தொட்டு, "குளிர் இரும்பு" என்று சொல்லியாக வேண்டும். கடலில் மட்டுமில்லை, கரையிலும்தான். செங்கா பேசப் பழகுவதற்கு முன்பே அடுப்புக் கம்பியைத் தொடப் பழகியவள்.

"அந்தச் சொல்லெல்லாம் படகைக் கவுத்தும். இந்த ஸ்காட்ச்சு எந்தப் படகைக் கவுத்துச்சு, சொல்லு" என்றார் ஆண்ட்ரா. செங்கா கரண்டியால் உருளைக்கிழங்கை மசித்தாள்.

விசாரணை நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. மழை வேறு, உள்ளே வெந்நீர்க் குழாய்க் கணப்பு இருந்தது. ஏழு பேரும் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நடுவில் லோரிமர் பிட்கெய்ர்ன், கழுத்தில் வெள்ளிச் சங்கிலி. அவருடைய தாத்தாவும் ஆண்ட்ராவின் அப்பாவும் ஒரே படகில் வலை இழுத்தவர்கள். அந்தச் சங்கதியை அவர் யாரிடமும் சொல்வதில்லை. மணி அடித்தார்.

"பெரியோர்களே, முந்நூறு ஆண்டுகளாக இக்கரையின் மக்கள் தாம் யார் என்பதை அறியாமலேயே பிறந்து, மணந்து, மடிந்துள்ளனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. பாவம், அவர்களுக்கு வாரியம் இல்லை. நம் மக்கள்மீது நமக்குள்ள அன்பு எத்தகையது என்றால், அவர்கள் வேறு மாதிரி ஆகும்வரை நாம் ஓயப் போவதில்லை."

கைதட்டினார்கள். செங்காவும் தட்டினாள்.

"மனுதாரர் தம்மை விவரிக்கலாம்."

"ஆண்ட்ரா மேர்."

"அது பெயர். தாங்கள் என்ன என்று கேட்கிறோம்."

"ஸ்காட்ச்."

வாரியத்துச் செயலாளர் அம்மாள் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூன்றாம் விதியின்படி அச்சொல் உண்ணத் தக்கவற்றுக்கே உரியது. தங்களை உண்ண இயலுமா?"

"எம்பத்தி நாலு வயசாச்சு சார். வேக ரொம்ப நேரம் ஆகும்."

பின்வரிசையில் ஹெக்டர் மில்ன் வாய்விட்டுச் சிரித்தார். மண்டபமே சிரித்தது. செங்காவுக்குக் காது சுட்டது. எல்லோரும் அப்பாவோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அறை கைவிட்டுப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

தலைவர் எழுந்து நின்றார். "நகைப்புக்குரிய விஷயம் அன்று இது. ஒவ்வொன்றுக்கும் உரிய பெயர் உண்டு. ஏன், ஒரு பன்றியைக்கூட நாம் பன்றி என்றுதான்..."

ஆண்ட்ரா துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து எட்டாமல் போனது. கைக்கு எட்டிய இரும்பு, அந்த வெந்நீர்க் குழாய்தான். அதைப் பாய்ந்து பிடித்து, "குளிர் இரும்பு! குளிர் இரும்பு!" என்று கத்தினார். குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் விடவில்லை. முறைப்படி சொல்லி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

கடலுக்குப் போகாத மேல்தெருக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "பாவம், சுடுகிற குழாயைக் குளிர் என்கிறாரே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கரைக்காரர்கள் தலையைக் குனிந்து அவரவர் நாற்காலியின் இரும்புக் காலைத் தொட்டுக்கொண்டார்கள். அவருக்காகப் பேச ஒருவரும் எழவில்லை. செங்கா வேறொன்றையும் பார்த்தாள். வெள்ளிச் சங்கிலிக்காரரின் இடது கை மேசைக்கு அடியில் இறங்கி, அங்கே இருந்த இரும்புக் காலைத் தொட்டுவிட்டு, எதுவும் தெரியாதது போல் மேலே வந்தது.

செயலாளர் அம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "பதினான்காம் விதி இருக்கிறது. அறிவு தடுமாறியவரை நெருங்கிய உறவினர் விவரிக்கலாம். அந்தக் காரணம் ஏற்கப்பட்டால் அறை இன்றே கிடைக்கும். மகள் என்ன சொல்கிறார்?"

ஒரே ஒரு வாக்கியம் போதும், கண்ணுகளா. 'அவர் நல்லாத்தான் இருக்கார், இது எங்க கரை வழக்கம், உங்க தலைவரும் இப்போ தொட்டார்.' அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. எழுந்து நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள். அப்போது அந்தக் குரல் வந்தது.

"ஐயன்மீர், என் தந்தையாருக்குச் சில காலமாக நினைவு தடுமாறுகிறது. தாம் சொல்வது இன்னதென்று அவர் அறியார். அவர் ஒரு ஸ்காட்ஸ் மனிதர் என்று நான் விவரிக்கிறேன்."

ஆண்ட்ரா குழாயை விட்டார். மகளின் முகத்தை அவர் முதலில் பார்க்கவில்லை. அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், பேசியது யார் என்று தேடுகிறவர் மாதிரி. அப்புறம்தான் அவள்மேல் பார்வை வந்து நின்றது.

அறை கிடைத்தது. ஜன்னல், கணப்பு, துறைமுகம் எல்லாம் சொன்னபடியே இருந்தன. கட்டிலுக்கு மேல் சான்றைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்: 'ஸ்காட்ஸ் மனிதர். மகளால் விவரிக்கப்பட்டவர்.'

அதன்பிறகு ஆண்ட்ரா பேசவில்லை. செங்காவிடம் மட்டுமில்லை, யாரிடமும். அறிவு தடுமாறியவர் என்று தாளில் இருந்ததால் இல்லத்துப் பணிப்பெண் அவருக்குக் கழுத்தில் துணி கட்டி, கரண்டியால் ஊட்டினாள். "நம்ம தாத்தா இன்னிக்குச் சமத்தா சாப்பிடுவாராம்" என்றாள். கொந்தளிக்கிற கடலில் நின்றுகொண்டே கஞ்சி குடித்த மனிதர், வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டார். வலது கையில் கட்டு. செங்கா தினமும் மாலையில் பார்லி சூப் கொண்டுபோய் வைத்துவிட்டு, கட்டைப் பார்க்காமல், சட்டத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கூடத்தில் டெலிபோன் அடித்தால் மட்டும் அவர் தலை திரும்பும். டெலிபோன் பக்கம் இல்லை, அவள் பக்கம். அவள் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். துறைமுகத்து வழியாகப் போனால் தெரிந்தவர்கள் கேட்பார்களே என்று பின்சந்து வழியாகவே வீட்டுக்குப் போவாள். ஏழு வாரம் அப்படிப் போனது.

ஏழாம் வாரத்தில் வாரியத்தின் ஆண்டு விழா. நன்றியுரைக்குச் செங்காவை அழைத்தார்கள். முறையாக விவரிக்கப்பட்ட ஏழைக் குடும்பத்துக்கு அவளே சாட்சியாம். உரையையும் அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். தலைவர் அவள் கையைக் குலுக்கி, "தங்கள் உச்சரிப்பு மிகச் சிறப்பு. கரைக்காரர் என்றே தெரியவில்லை" என்றார். அதைக் கேட்டு ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும், இருந்தது.

மேடையில் நின்று பார்த்தாள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அப்பா. கழுத்தில் அந்தத் துணி. அவிழ்க்க மறந்திருந்தார்கள்.

"பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே," என்று ஆரம்பித்தாள். ஆண்ட்ரா மறுபடியும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

செங்கா தாளை மடித்தாள். மண்டபம் காத்திருந்தது. அவள் மூச்சை இழுத்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, தன் சொந்தக் குரலில் ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள்.

"பன்றி."

அடுத்து நடந்ததை அந்த ஊர் இன்றும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. இருநூறு கைகள் இரும்பைத் தேடின. குடைக் கம்பி, நாற்காலிக் கால், கதவுத் தாழ்ப்பாள். செயலாளர் அம்மாள் கோப்பு அலமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு உறுப்பினர்கள் ஒரே ஆணிக்குச் சண்டை போட்டார்கள். லோரிமர் பிட்கெய்ர்ன் முதலில் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தார், அது வெள்ளி என்று நினைவு வந்ததும் அதை விட்டுவிட்டு, மேடையோரத்து வெந்நீர்க் குழாயை இரண்டு கையாலும் பற்றி, "குளிர் இரும்பு!" என்று அலறினார். அவர் தாத்தாவின் குரல் அப்படியே இருந்தது என்று வயதானவர்கள் பிறகு சொன்னார்கள்.

"எங்கப்பாவுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு," என்றாள் செங்கா. "உங்களுக்கு எவ்வளவு இருக்கோ அவ்வளவு இருக்கு. அன்னிக்கு எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் பொய் சொன்னேன். உங்களுக்குப் பயந்து இல்ல. அவரைப் பார்த்து எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவர் ஸ்காட்ச். நானும்தான். சிவப்புப் பென்சில் எங்க? எழுதிக்கோங்க."

வாரியம் அன்றைக்கே கூடியது. நடவடிக்கைக் குறிப்பு இன்னும் நகராட்சியில் இருக்கிறது. முதல் தீர்மானம்: பொய்ச் சாட்சியால் பெற்ற சான்று ரத்து, வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவது: இரும்பைப் பிடித்துக் 'குளிர் இரும்பு' என்பது அறிவுத் தடுமாற்றம் என்று வாரியம் முன்பே முடிவு செய்திருப்பதால், பதினான்காம் விதி இனித் தலைவர் உட்பட எல்லா உறுப்பினருக்கும் பொருந்தும், அவர்களை நெருங்கிய உறவினர் வந்து விவரிக்கும்வரை கூட்டம் தள்ளிவைக்கப்படுகிறது. உறவினர் ஒருவரும் வரவில்லை. கூட்டம் தள்ளிவைத்தபடியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஹெக்டர் மில்ன் கடையை மூடிவிட்டு, மீன் ஏலக்கூடத்து ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சமையலறை நாற்காலியில் ஆண்ட்ராவை உட்காரவைத்துத் தூக்கினார்கள். நாய் முன்னால் ஏறியது.

"பெருசு, ஆடாம உக்காரு. நான் இதுவரைக்கும் உயிரோட எதையும் மாடிக்குத் தூக்கினதில்ல" என்றார் ஹெக்டர். ஆண்ட்ரா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் மாடித் திருப்பத்தில், அவர் விழுந்து கிடந்த இடத்தில், மூச்சு வாங்க நிறுத்தினார்கள். செங்கா கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி சுவரைப் பார்த்து நின்றாள். இனி எப்போதும் இதே படிதான். இனி யார் தூக்குவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் டெலிபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். "வணக்கம், மேர் இல்..." வாசலில் நாற்காலி வந்து நின்றது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"செங்காதான் பேசுறேன். என்ன வேணும்?"

செயலாளர் அம்மாள். ஆண்ட்ராவின் கோப்பினை மூட வேண்டுமாம். இல்லத்திலிருந்து வெளியேறியவரை என்னவென்று எழுதுவது என்று கேட்டாள்.

செங்கா டெலிபோனைக் கையால் மூடினாள். "அப்பா, உன்னை என்னன்னு எழுதணும்னு கேக்குறாங்க."

ஆண்ட்ரா கழுத்துத் துணியை அவிழ்த்தார். ஏழு வாரம் பூட்டிக் கிடந்த தொண்டையைக் கனைத்தார்.

"பசியோட இருக்கான்னு எழுதச் சொல்லு."

சூப்பைச் சுடவைத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஹெக்டர் போய்விட்டார். ஆண்ட்ரா புதுத் தோல் மூடாத கையால் கரண்டியைப் பிடித்தார். ஒரு வாய் குடித்தார்.

"அன்னிக்கு மண்டபத்துல உன் பக்கத்துல நின்னு ஒரு பொம்பளை பேசினாளே. யாரு அவ?"

செங்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தான்ப்பா."

அவர் இன்னொரு வாய் குடித்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து துறைமுகம் தெரியாது, எதிர்வீட்டுப் புகைபோக்கிதான் தெரியும்.

"உப்பு கம்மி" என்றார்.

அவள் எழுந்துபோய் உப்பு எடுத்து வந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் சூப்பு சூடாக இருக்கட்டும், உப்பு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலைக் கேட்டு, ஊரார் முன்னால் தலைகுனிகிற நாள் உங்களில் ஒருவருக்கும் வராமல் போகட்டும். வந்துவிட்டாலும், வீட்டுக்குத் திரும்பி 'நான்தான்' என்று சொல்ல ஒரு மேசையும், எதிரில் ஒரு ஆளும் உங்களுக்கு இருக்கட்டும்.